நாய்க்குட்டிக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம்?

மணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு எட்டு வாரம். உணவுப் பையோடு ஒரு பிளாஸ்டிக் கப்பும் வந்திருந்தது. வேளைக்கு ஒரு கப், அதுவும் தலைதட்டாமல் கூம்பாக அள்ளிப் போடுவோம். அரை நிமிடத்தில் காலி செய்துவிட்டு அண்ணாந்து பார்ப்பான். பாவம், பசி அடங்கவில்லை போல என்று இன்னொரு கை போடுவோம். நான்காம் மாதம் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது மருத்துவர் அவனை மேசைமேல் நிறுத்தி, என் கையைப் பிடித்து அவன் விலாவில் வைத்தார். "எலும்பு எங்க இருக்குன்னு தடவிப் பார்த்துச் சொல்லுங்க" என்றார். தடவினேன், கிடைக்கவில்லை. அழுத்திப் பார்த்தபிறகுதான் எங்கோ ஆழத்தில் தட்டுப்பட்டது. வளரும் குட்டி கொழுகொழுவென்று இருந்தால்தான் ஆரோக்கியம் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று அவர் ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும். கையில் ஒரு கால்குலேட்டரும், கிராம் காட்டும் சமையலறைத் தராசும் வேண்டும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கில் வரும் எண் முதல் ஒரு வாரத்துக்குத்தான். அதன் பிறகு எவ்வளவு வைப்பது என்பதைக் குட்டியின் உடம்பைத் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பையின் பின்பக்கம்

எல்லாரும் முதலில் தேடுவது பையில் அச்சிட்டிருக்கும் அளவு அட்டவணையை. பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதைத் தப்பாகப் படிப்பது ரொம்பச் சுலபம்.

சில அட்டவணைகளில் எடை என்று போட்டிருப்பது குட்டியின் இன்றைய எடை. வேறு சிலவற்றில் அது குட்டி வளர்ந்து முடித்தபின் இருக்கப்போகும் எடை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், இரண்டிலும் கிலோதான். வளர்ந்தபின் 20 கிலோ வரக்கூடிய ஒரு குட்டி இன்றைக்கு 5 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகை அட்டவணையில் 5 கிலோ வரிசையைப் பார்த்து அளந்தால், வளர்ந்த பிறகும் 5 கிலோவிலேயே நிற்கும் சின்ன இனத்துக்கான அளவு அது. குட்டி வாடிப்போகும். முதல் வகையில் 20 கிலோ வரிசையைப் பிடித்தால் நேர் எதிர் ஆபத்து. ஆகவே எண்ணைப் பார்க்கும் முன் தலைப்பைப் படியுங்கள். 'தற்போதைய எடை'யா, 'வளர்ந்தபின் எடை'யா?

அட்டவணையில் இருப்பது பெரும்பாலும் முழு நாளுக்கான அளவு. அதை வேளைக்கான அளவு என்று நினைத்து மூன்று வேளையும் வைத்தவர்களை எனக்குத் தெரியும். கப் என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 240 மில்லி பிடிக்கும் அளவுக் கப். தேநீர் குடிக்கும் கோப்பை அல்ல.

அட்டவணையைச் சரியாகவே படித்தாலும் அது சராசரிக் குட்டிக்கானது. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்று நாளெல்லாம் ஓடும், மற்றது படுத்தே கிடக்கும். இரண்டுக்கும் ஒரே வரிசைதான். அதனால்தான் நாமே ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கணக்குக்கு முன் பையில் இன்னும் இரண்டு விஷயம் தேடுங்கள். ஒன்று, இது வளரும் குட்டிக்கான முழுமையான உணவா என்பது. அமெரிக்காவில் ஆஃப்கோ, ஐரோப்பாவில் ஃபெடியாஃப் என்ற அமைப்புகள் வகுத்த ஊட்டச்சத்து அளவுகளை ஒட்டி, 'வளர்ச்சிப் பருவத்துக்கு' என்றோ 'எல்லாப் பருவத்துக்கும்' என்றோ ஒரு வாசகம் சின்ன எழுத்தில் இருக்கும். 'வளர்ந்த நாய்களுக்கு' என்று மட்டும் இருந்தால் குட்டிக்கு அது போதாது.

இரண்டாவது, கலோரி. ஒரு கிலோ உணவில் எத்தனை கிலோகலோரி என்று போட்டிருப்பார்கள். சாப்பாட்டு விஷயத்தில் நாம் கலோரி என்று சொல்வதும் இந்தக் கிலோகலோரியைத்தான், குழம்ப வேண்டாம். 3,800 என்று இருந்தால் 100 கிராமில் 380, ஒரு கிராமில் 3.8. உலர் உணவுகளில் பெரும்பாலானவை 100 கிராமுக்கு 320 முதல் 420 வரை இருக்கும்.

கலோரி போடாத பையும் உண்டு. அப்போது அதிலிருக்கும் சத்துப் பட்டியலை வைத்து நாமே தோராயமாகக் கண்டுபிடிக்கலாம். புரதம் 28, கொழுப்பு 15, ஈரப்பதம் 10, நார்ச்சத்து 3, சாம்பல் (உணவிலுள்ள தாது உப்புகளை இப்படித்தான் போடுவார்கள்) 7 சதவீதம் என்று இருப்பதாகக் கொள்வோம். கூட்டினால் 63. நூறில் மிச்சமிருக்கும் 37 மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆல் பெருக்க வேண்டும், கொழுப்பை 8.5-ஆல். 98, 129.5, 127.5 என்று வரும். மொத்தம் 355. இதுதான் 100 கிராமுக்கான கலோரி. சாம்பல் எவ்வளவு என்று போடாவிட்டால் 7 என்று வைத்துக்கொள்ளலாம்.

எடை ஏறுவதுபோல் தேவை ஏறுவதில்லை

இப்போது குட்டிக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று பார்க்க வேண்டும். முதலில் தோன்றும் யோசனை, கிலோவுக்கு இத்தனை கிராம் என்று ஒரு விகிதம் வைத்துப் பெருக்கிக்கொண்டே போவது. இது தப்பான முடிவில் கொண்டுபோய் விடும். உடம்பு பெருக்கப் பெருக்க, ஒவ்வொரு கிலோவுக்கும் தேவைப்படும் ஆற்றல் குறைந்துகொண்டே வரும். எலி முதல் எருது வரை பலவகை உயிர்களின் எடையையும் அவை செலவழிக்கும் ஆற்றலையும் ஒப்பிட்டு, 1932-இல் மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி இதை ஒரு விதியாகச் சொன்னார். எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்பத்தான் தேவை ஏறுகிறது என்பது அந்த விதி. இன்றும் கால்நடை மருத்துவர்கள் கணக்கை இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

முக்கால் அடுக்கு என்றதும் பயப்பட வேண்டாம். சாதாரணக் கால்குலேட்டரிலேயே செய்துவிடலாம். குட்டியின் எடையைக் கிலோவில் எடுத்து மூன்று முறை பெருக்குங்கள், அதாவது எடை × எடை × எடை. வந்த விடைக்கு வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். அதை 70-ஆல் பெருக்குங்கள். குட்டி சும்மா படுத்திருந்தாலே அதன் உடம்பு ஒரு நாளில் செலவழிக்கும் கலோரி இது. ஓய்வு நிலைத் தேவை என்பார்கள்.

16 கிலோவை எடுத்துப் பாருங்கள், எண்கள் அழகாக விழும். 16 × 16 × 16 = 4,096. வர்க்கமூலம் 64. மறுபடி வர்க்கமூலம் 8. எழுபதால் பெருக்கினால் 560 கலோரி. ஒரு கிலோ குட்டிக்கு இதே கணக்கில் 70. எடை பதினாறு மடங்கு, தேவை எட்டே மடங்கு. கிலோவுக்கு இத்தனை என்று நேர்க்கணக்காகப் பெருக்கியிருந்தால் அந்தப் பெரிய நாய்க்குத் தேவையைப்போல் இரண்டு பங்கு போட்டிருப்போம்.

இனி வளர்ச்சிக்கான பெருக்கல். குட்டி எலும்பையும் தசையையும் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறது, ஓய்வு நிலைத் தேவை அதற்குக் காணாது. ஃபெடியாஃப் வழிகாட்டும் அளவுகளை எழுபதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இப்படி வருகிறது. வளர்ந்தபின் இருக்கப்போகும் எடையில் பாதியை எட்டும் வரை 3 மடங்கு. பாதியிலிருந்து 80 சதவீதம் வரை 2.5 மடங்கு. அதற்கு மேல் 2 மடங்கு.

நான்கு மாதம் வரை 3, அதன்பிறகு 2 என்று வயதை வைத்துச் சொல்லும் வழியும் மருத்துவர்களிடம் உண்டு. நடுத்தர அளவு நாய்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் பெரிய இனக் குட்டி நான்கு மாதத்தில் பாதி எடையைக்கூட எட்டியிருக்காது. அதனால் எனக்கு எடையை வைத்துப் போடுவதுதான் பிடிக்கும்.

வளர்ந்தபின் எத்தனை கிலோ வரும் என்று எப்படித் தெரியும்? தாய் தந்தையின் எடை தெரிந்தால் அதுவே சிறந்த சாட்சி. தாய் மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை. இனம் தெரிந்தால் அந்த இனத்தின் வழக்கமான எடையைக் கொள்ளலாம். எதுவுமே தெரியாத கலப்புக் குட்டியா? நடுத்தர அளவுக் குட்டிகள் நான்கு மாத வாக்கில் வளர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி இருக்கும், பெரியவை ஐந்து மாத வாக்கில். அன்றைய எடையை இரட்டித்துக்கொள்ளலாம். பாதத்தின் பருமனைப் பார்த்துச் சொல்லும் ஜோசியத்தை நம்ப வேண்டாம். ஊகம் இரண்டு மூன்று கிலோ பிசகினாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. பிற்பாடு விலாவைத் தடவிப் பார்க்கும்போது அது திருத்தப்பட்டுவிடும்.

செம்பியின் கிண்ணம்

மணிக்குப் பிறகு வந்தவள் செம்பி. தாய் 20 கிலோ என்று தெரியும். வந்த அன்று 5 கிலோ, கால் பங்கு. ஆக 3 மடங்கு.

5 × 5 × 5 = 125. வர்க்கமூலம் 11.18. மறுபடி 3.344. எழுபதால் பெருக்க 234. மூன்றால் பெருக்க 702 கலோரி. கிராமுக்கு 3.8 கலோரி உள்ள உணவு என்பதால் 702-ஐ 3.8-ஆல் வகுத்தேன். 185 கிராம். நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 46 கிராம்.

46 கிராம் உருண்டைகளைக் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கே மனசு கேட்கவில்லை. கிண்ணத்தின் அடியைக்கூட முழுதாக மூடவில்லை. ஆனால் உலர் உணவில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், மீதியெல்லாம் சத்து. கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரியும், அவ்வளவே.

இந்தக் கணக்கில் என்னை அசத்திய இடம் அடுத்து வருவது. செம்பி 10 கிலோவை நெருங்கும்போது மூன்று மடங்குக் கணக்கில் 311 கிராம். அதற்குமேல் பாதி எடையைத் தாண்டிவிட்டாள் என்பதால் பெருக்கும் எண் 2.5 ஆகிறது. 12 கிலோவில் கணக்குப் போட்டால் 297 கிராம். 16 கிலோவில் 80 சதவீதம் எட்டியாயிற்று, பெருக்கும் எண் 2. ஓய்வு நிலைத் தேவை 560, இரண்டு மடங்கு 1,120, வகுத்தால் 295 கிராம். அதாவது 10 கிலோவிலிருந்து 16 கிலோ வரை, குட்டி ஒன்றரை மடங்குக்கு மேல் பெருத்தபோதும், கிண்ணம் 300 கிராம் பக்கத்திலேயே நின்றது.

வளர்கிறதே, கூட்டிக்கொண்டே போக வேண்டாமா என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். நானும் மணி விஷயத்தில் இங்கேதான் தவறினேன். முதல் பாதியில் கிண்ணம் வேகமாக ஏறும், பிறகு சமவெளி. வளர்ந்து முடித்ததும் சற்று இறங்கும்.

பெருக்கும் எண் மாறும் நாளில் தடாலென்று குறைக்க வேண்டியதில்லை. 10 கிலோவில் மூன்று மடங்கு 311 கிராம், இரண்டரை மடங்கு 259. இடையில் இருக்கும் 50 கிராமை ஒரே நாளில் வெட்டினால் குட்டி தவித்துப்போகும். 300 பக்கத்தில் ஏற்றாமல் அப்படியே நிறுத்திவைத்தால் போதும், சில வாரத்தில் குட்டி அந்த அளவுக்கு வளர்ந்துவிடும்.

தராசு

கப்பை எடுத்து உள்ளே வையுங்கள். எங்கள் வீட்டுக் கப்பால் ஒரே பையிலிருந்து மூன்று முறை அள்ளித் தராசில் போட்டுப் பார்த்தேன். 96 கிராம், 108, 117. நான் அள்ளினால் ஒன்று, பிள்ளைகள் அள்ளினால் வேறு. உருண்டை பெரிதானால் இடையில் காற்று கூடும், சிறிதானால் நெருக்கி நிற்கும். வேளைக்கு 46 கிராம் சாப்பிடும் குட்டிக்குப் பத்து கிராம் பிசகினால் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கூடியோ குறைந்தோ போகிறது. நமக்குக் காலையில் இரண்டு இட்டலிக்குப் பதில் இரண்டரை என்பதுபோலச் சின்னதாகத் தோன்றலாம். ஆனால் தினமும் நான்கு வேளையும் அப்படி என்றால் அது உடம்பில் தெரியும்.

நாங்கள் கண்ட வழி இது. காலையில் ஒரு மூடி போட்ட டப்பாவைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, அன்றைய நாள் முழுவதுக்குமான 185 கிராமையும் அதில் அளந்து வைத்துவிடுவோம். யார் போட்டாலும் அந்த டப்பாவிலிருந்துதான். பழக்கும்போது கையில் கொடுக்கும் உருண்டைகளும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். 'நீ போட்டியா, நான் போட்டேனா' என்ற குழப்பமே இதனால் தீர்ந்தது. உணவை ஊறவைத்துக் கொடுப்பதானால் ஊறவைக்கும் முன் அளக்க வேண்டும்.

குட்டியையும் வாரம் ஒருமுறை எடை போடுங்கள். ஒரே கிழமை, ஒரே நேரம், சாப்பாட்டுக்கு முன். சின்னக் குட்டியைச் சமையலறைத் தராசில் ஒரு கூடை வைத்து நிறுத்தலாம். பெரிதானதும் அதைத் தூக்கிக்கொண்டு நாம் எடை மெஷினில் ஏறி, பிறகு நம் எடையைக் கழித்துக்கொள்ளலாம். எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் அன்றைய உணவு அளவையும். வால்தம் ஆய்வு நிலையம் நாய்க்குட்டிகளுக்கான வளர்ச்சி வரைபடங்களை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. குழந்தைகளுக்கு மருத்துவமனையில் புள்ளி வைப்பார்களே, அதே மாதிரி. குட்டி தொடங்கிய கோட்டை ஒட்டியே ஏறிக்கொண்டிருந்தால் நிம்மதி. கோடுகளைத் தாண்டி மேலே பாய்ந்தாலும் கீழே சரிந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கை சொல்லும் அளவு

இனி மருத்துவர் எனக்குக் கற்றுத்தந்த சோதனை. உங்கள் கையை இறுக்கி முஷ்டியாக்கி, மற்றக் கை விரலால் முட்டிகள்மேல் தடவுங்கள். எலும்பு துருத்திக்கொண்டு தட்டுப்படும். இப்போது கையை விரித்து, புறங்கையில் விரல்கள் தொடங்கும் இடத்துக்குக் கீழே தடவுங்கள். மெல்லிய தோலுக்கடியில் எலும்பு தெளிவாகத் தெரியும், ஆனால் துருத்தாது. கடைசியாகக் கையைத் திருப்பி உள்ளங்கைப் பக்கம் அதே இடத்தைத் தடவுங்கள். சதைதான் தெரியும், எலும்பைத் தேட வேண்டும்.

குட்டியின் விலா புறங்கைபோல இருந்தால் சரியான அளவு. முஷ்டிபோல இருந்தால் மெலிவு. உள்ளங்கைபோல இருந்தால் கூடுதல். மணி அன்றைக்கு உள்ளங்கையாக இருந்தான்.

நீள முடி உள்ள குட்டிகளில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, கைதான் ஒரே வழி. முடி குட்டையாக இருந்தால் மேலிருந்தும் பாருங்கள், விலாவுக்குப் பின்னால் இடுப்பு சற்று உள்வாங்கி இருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் மார்பிலிருந்து வயிறு பின்னோக்கி மேலேற வேண்டும். மருத்துவர்கள் இதை 1 முதல் 9 வரை புள்ளியிட்டுச் சொல்வார்கள். 4 அல்லது 5 இருந்தால் நல்லது. சாப்பிட்டவுடன் எந்தக் குட்டிக்கும் வயிறு பானைபோல் இருக்கும், அப்போது பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆனால் எந்நேரமும் வயிறு உப்பி, விலா மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் அது குடற்புழுவாக இருக்கலாம். அங்கே உணவைக் கூட்டிப் பயனில்லை, புழு மருந்துதான் வேண்டும்.

விலா சொல்வதற்கு ஏற்ப அளவைப் பத்து சதவீதம் ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள். 185 என்றால் 204 அல்லது 167. அதற்குமேல் ஒரே தடவையில் மாற்ற வேண்டாம். பத்து நாள் பொறுத்து மறுபடி தடவிப் பாருங்கள். மலத்தையும் கவனியுங்கள். வேறு எந்த நோயும் இல்லாமல், நன்றாக ஓடியாடும் குட்டிக்கு மலம் தொடர்ந்து இளகிப் போனால் அளவு கூடிவிட்டதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

குட்டி கேட்பதை மட்டும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளக்கூடாது. போதும் என்று நிறுத்தத் தெரிந்த குட்டி அபூர்வம். லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்கியதை உணர்த்தும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு குறைவாக இருப்பதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தக் குட்டிகளுக்கு உண்மையிலேயே பசிக்கிறது. ஆனால் அந்தப் பசி உடம்பின் தேவையைக் காட்டுவதில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம்?

2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு என் மனதை விட்டுப் போகவே இல்லை. 48 லேப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றுக் குட்டிகளாக, இரண்டிரண்டாகச் சேர்த்தார்கள். எட்டு வார வயதிலிருந்து ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு, அதன் ஜோடி சாப்பிட்டதைவிட 25 சதவீதம் குறைவாக, வாழ்நாள் முழுக்கக் கொடுத்தார்கள். நிறையச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள், அதாவது அவற்றில் பாதி இறந்துபோயிருந்த வயது, 11.2 ஆண்டு. குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு 13 ஆண்டு. இடுப்பு மூட்டுக் கோளாறும் மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குக் குறைவாகவும் தாமதமாகவும் வந்தன. இதில் கவனிக்க வேண்டியது, நிறையச் சாப்பிட்ட கூட்டமும் உருண்டு திரண்ட நாய்கள் அல்ல. ஒன்பதில் ஆறரை ஏழு புள்ளி, பல வீடுகளில் 'நல்லா இருக்கான்' என்று பாராட்டும் அளவுதான். குறைவாகச் சாப்பிட்டவையும் எலும்பும் தோலுமாக இல்லை, நாம் சரி என்று சொல்லும் 4, 5 புள்ளியில்தான் இருந்தன.

பெரிய இனங்களில் இந்த ஆபத்து இன்னும் சீக்கிரம் தெரியும். கிரேட் டேன் குட்டிகளை இஷ்டத்துக்குச் சாப்பிடவிட்டால் எலும்பும் மூட்டும் கோணிக்கொள்வதை 1974-லேயே காட்டிவிட்டார்கள். எலும்பு உறுதியாகும் முன்பே உடம்பு கனத்துவிடுகிறது. அளவோடு கொடுத்தால் குட்டி குள்ளமாகிவிடும் என்ற பயம் வேண்டாம். எவ்வளவு உயரம் என்பது பிறப்பிலேயே இருக்கிறது. அளவோடு சாப்பிடும் குட்டி அந்த உயரத்துக்குச் சில வாரம் தாமதமாக வந்து சேரும், அவ்வளவே.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது கால்சியம். முழுமையான குட்டி உணவு கொடுத்துக்கொண்டே எலும்பு வலுவாகட்டும் என்று கால்சியம் பொடியோ டானிக்கோ சேர்ப்பவர்கள் பலர். தயவுசெய்து வேண்டாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் சரியாக வந்திருக்காது, வந்ததையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். வளர்ந்தபின் 32 கிலோ அல்லது அதற்குமேல் வரும் இனங்களுக்கான உணவில், ஈரம் நீக்கிய கணக்கில், கால்சியம் 1.8 சதவீதத்துக்குமேல் போகக்கூடாது என்று ஆஃப்கோ எல்லை வைத்திருப்பது இதனால்தான். பையில் 'பெரிய இன நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது' என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இடையில் வரும் மாற்றங்கள்

மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு. வேளை குறையும்போது நாளின் மொத்தம் குறையாது, பிரிப்பதுதான் மாறும். மிகச் சின்ன இனக் குட்டிகள் நீண்ட நேரம் வயிறு காலியாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், அவற்றுக்கு வேளை தவறக்கூடாது. எந்தக் குட்டியானாலும் ஒரு நாள் முழுக்கச் சாப்பிட மறுத்தால் கணக்கை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

ட்ரீட்கள் நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. செம்பிக்கு 702-இல் 70 கலோரி. அதைக் கொடுத்தால் டப்பாவிலிருந்து 18 கிராமை எடுத்துவிட வேண்டும்.

உணவை மாற்றும்போது பழைய கிராம் கணக்கு செல்லாது. அதே 702 கலோரிக்கு, கிலோவுக்கு 3,400 கலோரி உள்ள உணவில் 206 கிராம், 4,200 உள்ள உணவில் 167 கிராம். கால் பங்கு புதிது, முக்கால் பங்கு பழையது என்று தொடங்கி ஏழு நாளில் முழுதாக மாறினால் வயிறு கெடாது.

கருத்தடை அறுவை முடிந்ததும் தேவை ஏறக்குறைய கால் பங்கு குறையலாம், பசியோ கூடும். இரண்டும் எதிரெதிரே இழுப்பதால் அந்த இரண்டு மாதம் வாரா வாரம் விலாவைத் தடவிப் பார்ப்பது அவசியம்.

வளர்ந்த நாய் உணவுக்கு மாறும் காலம் இனத்தைப் பொறுத்தது. சின்ன இனங்கள் பத்து, பன்னிரண்டு மாதத்தில். நடுத்தர இனங்கள் ஒரு வயதில். பெரியவை 15 முதல் 18 மாதம், மிகப் பெரியவை 18 முதல் 24. அப்போது மறுபடி அதே கால்குலேட்டர். ஓய்வு நிலைத் தேவையைக் கருத்தடை செய்த நாய்க்கு 1.6-ஆலும், செய்யாத நாய்க்கு 1.8-ஆலும் பெருக்க வேண்டும். செம்பி 20 கிலோவில் நின்றாள். ஓய்வு நிலைத் தேவை 662, 1.6 மடங்கு 1,059. புதுப் பையிலும் கிராமுக்கு 3.8 கலோரிதான் இருந்தது, 279 கிராம் வந்தது. மூன்று வாரம் கழித்துத் தடவிப் பார்த்ததில் புறங்கை மெல்ல உள்ளங்கையாகிக்கொண்டிருந்தது. இப்போது காலையில் டப்பாவில் விழுவது 265.